சேற்றுப் பெருக்கும் தடுப்புச் சுவரும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் மரப்பாலம் என்னும் இடம் உண்டு. 1993 நவம்பரில் பெய்த பெருமழையில் அங்கே மலைச்சரிவு பெயர்ந்தது. சேறும் கல்லும் மரமும் ஒன்றாய்ப் பாய்ந்து பல உயிர்களை மாய்த்தன.

இத்தகைய சேற்றுப் பெருக்கு நீரைப்போல் ஓடும், பாறையைப்போல் மோதும். வேகம் இருமடங்கானால், மோதும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். பின் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வலிமையில் தடுப்பு எழுப்புவது?

இதற்குக் கணிப்பொறி துணை செய்கிறது. மலையின் வடிவத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கின் ஆழத்தையும் வேகத்தையும் நொடிக்கு நொடி கணக்கிடுகின்றனர். இழுப்பது புவியீர்ப்பு, தடுப்பது உராய்வு. பனிச்சரிவுகளுக்காகச் சுவிட்சர்லாந்தின் வோல்மி என்பார் 1955-இல் வகுத்த உராய்வு விதியே இன்றும் பல கணக்குகளுக்கு அடிப்படை. கணக்கில் ஒரு சுவரை நிறுத்தினால், பெருக்கு தங்குமா, தாவுமா, சுவரின் பின்புறம் மண் நிறைந்தபின் அடுத்த அலை மேலேறிச் செல்லுமா என்பது புலனாகும். எஃகு வலையாயின் நீர் வடிந்து கல் தங்குவதையும் காணலாம்.

ஆனால் உராய்வின் அளவைப் பொறி தானே அறியாது. முன்பு நேர்ந்த சரிவின் தடத்தை அளந்து நாமே தருதல் வேண்டும். வகுப்பறையில் நான் ஓயாது சொன்னது இதுவே: வழி சரியாயினும், எடுத்த எண் பிழையானால் விடையும் பிழையே. பள்ளியில் அதனால் போவது மதிப்பெண். மலையடியில் போவது சுவரை நம்பி உறங்குவோரின் உயிர்.