தோள்பட்டை அடிக்கடி கழலுதா? எலும்பைக் கவனிங்க!

கபடி ஆடும்போது விழுந்த பையனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. டாக்டர் சரிசெய்து அனுப்புகிறார். சில மாதங்கள் கழித்து, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும்போதே மறுபடி கழல்கிறது! 'போகப் போகச் சரியாயிடும்' என்று வீட்டில் சமாதானம் சொல்கிறார்கள். ஆகாது!

தோள்மூட்டு என்பது சின்னத் தட்டில் பெரிய பந்தை வைத்த மாதிரி. பந்து நழுவாமல் தட்டைச் சுற்றி ஜவ்வு விளிம்பு உண்டு. பந்து முன்பக்கம் நழுவும்போது அந்த விளிம்பு பிய்ந்துவிடும். இதை இங்கிலாந்து சர்ஜன் பேங்கார்ட் 1923-லேயே விளக்கினார். 20 வயதுக்குள் முதல் தடவை கழன்றவர்களுக்கு மறுபடி கழலும் வாய்ப்பு ரொம்ப அதிகம்.

சாவித்துவார ஆபரேஷனில் சிறு துளைகள் வழியாக கேமராவை விட்டு, நூல் கோத்த குட்டி ஆணிகளால் பிய்ந்த விளிம்பைத் தைக்கிறார்கள். தழும்பு சிறியது, வலியும் குறைவு.

'சரி, மறுபடி கழலாதா?' என்பதுதானே உங்கள் கேள்வி?

பதில் எலும்பில் இருக்கிறது. பர்க்கார்ட், டி பீர் என்ற இரு சர்ஜன்கள், இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 194 பேரை ஆராய்ந்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பில் பெரிய சேதம் இல்லாத 173 பேரில் 7 பேருக்குத்தான் தொல்லை திரும்பியது. எலும்பு கணிசமாகச் சேதமான 21 பேரிலோ 14 பேருக்குத் திரும்பிவிட்டது! ஒரே ஆபரேஷன்தான், பலன் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்.

ஒவ்வொரு தடவை கழலும்போதும் தட்டின் ஓரமும் பந்தும் உரசித் தேயலாம். அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது என்கிறோம். தட்டில் ஏறக்குறைய கால்வாசி தேய்ந்துபோனால் தையல் மட்டும் போதாது. பக்கத்து எலும்புத் துண்டை எடுத்து ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் 'லட்டார்ஜே' ஆபரேஷன் தேவைப்படலாம். பிரான்ஸில் 1954-ல் வந்த முறை இது.

ஆகவே ஆபரேஷனுக்கு முன், 'எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்கு டாக்டர்? சி.டி. ஸ்கேன் வேணுமா?' என்று தயங்காமல் கேளுங்கள். பையன் ஆடும் விளையாட்டையும் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் கையைத் தொட்டிலில் தொங்கவிட வேண்டும். பிறகு பிசியோதெரபி. கபடி மாதிரி மோதுகிற ஆட்டத்துக்குச் சுமார் ஆறு மாதம் பொறுக்கணும்.

இன்னொன்று... தோள் கழன்றால் வீட்டிலேயே இழுத்துச் சரிசெய்ய யாரையும் விடாதீர்கள். நரம்போ எலும்போ பாதிக்கப்படலாம். கையை அசைக்காமல் துணியால் கட்டி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!