வெடித்துச் சிதறிய பெர்லின் ராட்சத மீன் தொட்டி: யார் பொறுப்பு? சட்டம் என்ன சொல்கிறது?

2022 டிசம்பர் 16, அதிகாலை 5.45 மணி அளவில், ஜெர்மனி தலைநகர் பெர்லினில் ஹோட்டல் லாபியில் இருந்த 'அக்வாடோம்' மீன் தொட்டி வெடித்தது. அதிலிருந்த 10 லட்சம் லிட்டர் உப்பு நீர் தெரு வரைக்கும் பாய்ந்தது. 2 பேர் காயமடைந்தனர். சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை இறந்தன. ஒரு மணி நேரம் தாமதமாக நடந்திருந்தால் மனித உயிர்கள் பறிபோயிருக்கும் என்றார் அப்போதைய மேயர் ஃபிரான்சிஸ்கா கிஃபி.

சரி, இதுக்கு யார் பொறுப்பு?

ஏன் உடைந்தது?

2023 அக்டோபரில் வெளியான நிபுணர் அறிக்கை 3 சாத்தியங்களைச் சொன்னது. ஒன்று, அக்ரிலிக் பலகைகளை ஒட்டிய பசை இணைப்பு விட்டிருக்கலாம். இரண்டு, உருளையின் அடிப்பகுதியில் பள்ளம் விழுந்திருக்கலாம். மூன்று, 2022 கோடையில் முடிந்த புதுப்பிப்புப் பணியில் தவறு நடந்திருக்கலாம். ஆனால், இதுதான் காரணம் என எதையும் உறுதி செய்ய முடியவில்லை.

காரணம் தெரியாவிட்டால் என்ன சிக்கல்?

இங்கதான் விஷயமே இருக்கு. பசை இணைப்பு என்றால் தொட்டியைக் கட்டியவர் மீது கை நீளும். புதுப்பிப்பு என்றால் அந்த வேலையைச் செய்தவர் மீது. பராமரிப்பில் குறை என்றால் உரிமையாளர் மீதே திரும்பும். பொதுவாக, குறையை நிரூபிக்க வேண்டியது இழப்பீடு கேட்பவர்தான்.

காலக்கெடு உண்டா?

உண்டு. ஜெர்மன் சட்டப்படி, கட்டுமானக் குறைக்குப் பொதுவாக 5 ஆண்டுகள்தான். தயாரிப்பாளர் பொறுப்புச் சட்டத்தில், பொருள் சந்தைக்கு வந்து 10 ஆண்டுகளில் உரிமை காலாவதியாகும். தொட்டியோ உடைந்தபோது 18 ஆண்டுகளைத் தாண்டியிருந்தது!

அப்போ காயமடைந்தவர்கள் கதி?

அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கட்டடமோ, நிலத்தோடு இணைந்த அமைப்போ தவறான கட்டுமானத்தால் அல்லது பராமரிப்புக் குறையால் இடிந்து யாராவது பாதிக்கப்பட்டால், அதை வைத்திருப்பவரே இழப்பீடு தர வேண்டும் என்கிறது ஜெர்மன் சிவில் சட்டம். தேவையான கவனத்தோடு இருந்ததை அவர் நிரூபித்தால் மட்டுமே தப்பலாம்.

ஆர்டர் கொடுத்துத் தொட்டி செய்பவர்களுக்கு என்ன பாடம்?

உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அது இணைப்புகளுக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பராமரிப்புப் பதிவு, படங்கள், பில் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும். உடைந்தால் துண்டுகளைத் தூக்கி எறியக்கூடாது. நாளைக்கு அவைதான் சாட்சி!