வாசலில் நிற்கும் எமன்! காம்பவுண்டு சுவரை கவனிக்கிறீர்களா?

வீட்டுக்குள் டைல்ஸ் பளபளக்கும். வாசலில் காம்பவுண்டு சுவர் தொப்பை தள்ளி நிற்கும். சென்னையில் இந்தக் காட்சியைத் தேடி அலைய வேண்டாம், பழைய தெரு எதில் நுழைந்தாலும் கண்ணில் படும்.

"மதில்தானே, அதுக்கு என்ன இப்போ?" என்ற அலட்சியம்தான் காரணம். அந்த அலட்சியம் உயிரைக் குடித்துவிடும்.

2019-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அதிகாலை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் நடூரில் பலத்த மழை. ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் இடிந்து பக்கத்து வீடுகள் மேல் சாய்ந்தது. தூங்கிக் கொண்டிருந்தவர்களில் 17 பேர் எழுந்திருக்கவே இல்லை. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம்.

வீட்டுச் சுவருக்கு மேலே தளம் உண்டு, பக்கத்தில் குறுக்குச் சுவர் உண்டு. காம்பவுண்டு சுவருக்கு அந்தத் துணை கிடையாது. காற்று, மழை, ஊறிய மண், ரிவர்சில் வரும் வேன் எல்லாவற்றையும் தனியாகவே தாங்க வேண்டும்.

கல்லைத் தட்டிப் பாருங்கள்

செங்கல் லோடு வந்து இறங்கியதும் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். 'கணீர்' என்று சத்தம் வந்தால் நல்ல கல். 'பொத்' என்றால் சரியாக வேகாத கல். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. மூன்றடி உயரத்தில் இருந்து போட்டால் உடையக்கூடாது.

கட்டுவதற்கு முன் கல்லைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகு எடுக்கலாம். காய்ந்த கல்லை வைத்தால் கலவையில் இருக்கும் ஈரத்தை எல்லாம் அதுவே உறிஞ்சிவிடும். சிமெண்டு இறுகாமல் மண் மாதிரி உதிரும்.

9 இஞ்சு சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டு, ஆறு பங்கு மணல். 4½ இஞ்சு சுவருக்கு ஒன்றுக்கு நாலு. கடற்கரை மணல் பக்கமே போகக்கூடாது. கலந்த கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். காலையில் கலந்ததைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளறினால் கலவைக்குப் பலம் திரும்பாது.

ஒரே நாளில் 5 அடிக்கு மேல் ஏற்றக்கூடாது. 4½ இஞ்சு சுவர் என்றால் எட்டு, பத்து அடிக்கு ஒரு தூண் கட்டாயம். கட்டிய பிறகு குறைந்தது ஏழு நாள் சுவரை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். மேஸ்திரி கணக்கு முடித்துப் போன பிறகு இந்த வேலை வீட்டுக்காரர் தலையில்தான். பலர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

தபால் பெட்டியின் கதி

கேட் தூணில் ஓட்டை விட்டு, அதில் தகரப் பெட்டியைப் பதித்து 'தபால்' என்று எழுதி வைப்பது பல வீடுகளில் வழக்கம். மழை வந்தால் அது தண்ணீர்ப் பெட்டி! பாங்க் கடிதமும் இன்டர்வியூ கார்டும் கூழாகிக் கிடக்கும்.

கடிதத்தோடு போனால் பரவாயில்லை. தகரம் துருப்பிடித்தால் உப்பும். அந்த நெருக்கலில் தூணே வெடிக்கும். பெரிய இரும்பு கேட் அதே தூணில்தான் தொங்குகிறது. சின்னப் பிள்ளைகள் ஏறி ஆடுவதும் அந்த கேட்டில்தான்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. கடிதம் போடும் வாய்க்கு மேலே நாலு இஞ்சு நீட்டிச் சின்ன சன்ஷேடு வைத்தால் போதும். அடித்தளத்தை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் பூச வேண்டும். கனமான கேட் மாட்டும் தூணுக்குள் கம்பி கட்டி கான்கிரீட் போட வேண்டும். வெறும் செங்கல் தாங்காது.

உப்பு பூத்தால்...

சுவரில் வெள்ளையாக உப்பு பூத்ததும் பெயிண்டு அடித்து மறைப்பவர்கள் உண்டு. இரண்டே மாதத்தில் பெயிண்டு உரிந்து வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். எங்கிருந்து ஈரம் ஏறுகிறது என்று பார்த்து அதை அடைப்பதுதான் வைத்தியம்.

சுவர் தலையில் சரிவான மூடி வேண்டும். விரிசலில் அரசங்கன்று முளைத்தால் கிள்ளிப் போட்டால் போதாது. வேரோடு எடுத்துவிட்டுக் கலவை அடைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் மண் மேடு இருந்தால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் அவசியம். இருந்த ஓட்டையைச் 'சுத்தம்' என்று சொல்லி அடைத்து விடாதீர்கள்.

ஒரு நூல், ஒரு கல்

சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க இன்ஜினீயர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். நூலில் கல்லைக் கட்டிச் சுவர் உச்சியில் இருந்து தொங்க விடுங்கள். மேலே ஒட்டியும் கீழே விலகியும் நூல் நின்றால் சுவர் உங்கள் பக்கம் சாய்கிறது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் விரிசல் கோட்டைத் தாண்டி இருந்தால் ஆபத்து.

அப்படிப்பட்ட சுவர் ஓரத்தில் மணல் கொட்டக்கூடாது. ஸ்கூட்டர் நிறுத்தக்கூடாது. பூக்காரம்மா கடை போட்டிருந்தால் அவரிடம் சொல்லி இடம் மாறச் செய்ய வேண்டும். சுவரை முட்டுக் கொடுத்து வைத்து ஆடிக்கு ஆடி தள்ளிப்போடாமல், இடித்துக் கட்ட வேண்டும்.

சுவர் கட்டியவருடையது. ஆனால் அது விழுவது தெருவில் போகிறவர் மேல். ஐப்பசி மழை இறங்கும் முன் வீட்டுக்காரர்கள் நூலும் கல்லுமாக வாசலுக்கு வருவார்களா?