சேற்றுக்குள் இரண்டு உலகங்கள்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் செல்லும்போது எங்கேனும் நெல்வயலைக் கண்டால், உரியவரிடம் கேட்டு ஒரு கைப்பிடிச் சேறு எடுத்து வாருங்கள். கண்ணாடி டம்ளரில் இட்டு, இரண்டு விரற்கடை நீர் நிற்கும்படி ஊற்றி, இரண்டு வாரம் அசையாமல் வைத்திருங்கள். மேலே மெல்லிய பழுப்பு அடுக்கு ஒன்றும், அதன்கீழ்ச் சாம்பல் அல்லது கருநிற மண்ணும் தெரியும்.

மேல் அடுக்கு சில மில்லிமீட்டரே. நீரில் கரைந்த ஆக்சிஜன் அதற்குமேல் இறங்குவதில்லை. வழியிலேயே நுண்ணுயிர்கள் அதைத் தீர்த்துவிடுகின்றன. நெற்பயிரின் வேர் மட்டும் இலை வழியே பெற்ற காற்றைக் கீழே கொண்டு சென்று சிறிது கசியவிடுகிறது. பிடுங்கிய நெல்வேரில் துருநிறம் படிந்திருப்பது இதனால்தான்.

இனி உழவர் தூவிய யூரியாவைப் பின்தொடர்வோம். அதில் 46 சதவீதம் நைட்ரஜன். சில நாட்களில் அது அம்மோனியமாகிறது. அம்மோனியம் நேர்மின்னேற்றம் உடையது. களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும். பயிருக்கும் அதுவே விருப்பமான உணவு. ஆனால் பழுப்பு அடுக்கில் வாழும் நைட்ரசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்க, வேறு சில அதை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. அது கருநிற அடுக்கிற்கு இறங்குகிறது. அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் இல்லை. ஆகவே நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துச் சுவாசிக்கின்றன. எஞ்சிய நைட்ரஜன் வாயுவாகிக் குமிழியிட்டு வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு. பூமியைச் சூடேற்றுவதில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வலிமையுள்ளது.

ஜப்பானிய அறிஞர் சியோயிரி இந்த இழப்பை விளக்கி, உரத்தைக் கருநிற அடுக்கிலேயே ஆழமாக இடுமாறு கூறினார். அங்கே அம்மோனியம் அம்மோனியமாகவே இருக்கும். நீர்மேல் தூவினாலோ இன்னொரு ஆபத்து: பிற்பகலில் பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் நீரின் காரத்தன்மை உயர்ந்து, அம்மோனியா நேரே காற்றில் பறந்துவிடும்.

பாசியைக் குறை சொல்லவும் முடியாது. நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்து வயலுக்குச் சேர்க்கின்றன என்று நம் நாட்டு நெல்வயல்களை ஆராய்ந்த பி. கே. டே 1939-இல் காட்டினார். ஒரே பாசி காலையில் கொடுப்பவன், பிற்பகலில் பறிப்பவனுக்கு உடந்தை!

ஏரிப் பாசனப் பகுதிகளில் சிக்கல் அதிகம். முறைத் தண்ணீர் வராமல் வயல் காய்ந்து வெடித்தால், காற்று ஆழம்வரை புகும், அம்மோனியம் நைட்ரேட்டாகும். மறுபடி மடை திறந்ததும் ஆக்சிஜன் அற்றுப்போய், சேர்ந்த நைட்ரேட் வாயுவாகப் போய்விடும். பாவம், உழவர் வரப்பில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. பயிர் வெளுத்தபின் இன்னொரு மூட்டை வாங்குவார். பொதுவாக நெல்லுக்கு இடும் நைட்ரஜனில் பாதிகூடப் பயிரைச் சேர்வதில்லை.

இதற்கு நம்மவர் கண்ட கைமருந்து வேம்பு. வேப்பங்கொட்டையிலுள்ள பொருள்கள் நைட்ரசோமோனாஸின் வேகத்தைத் தணிக்கின்றன. 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து மேலுரமாக இடுமாறு தமிழ்நாட்டு வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். 2015 முதல் இந்தியாவில் தயாராகும் வேளாண் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்பது விதி. உரமூட்டையைப் பிரித்ததும் வரும் இலேசான கசப்பு வாசனை அதுதான்.