கருந்துளை ஓரத்தில் இளம் விண்மீன்கள்

விண்மீன் பிறக்க அமைதியான இடம் வேண்டும். குளிர்ந்த வாயு மேகம் தன் ஈர்ப்பாலேயே மெல்லச் சுருங்கி, நடுவே சூடேறி ஒளிரத் தொடங்க வேண்டும். பக்கத்தில் 40 லட்சம் சூரியன்களின் நிறைகொண்ட கருந்துளை இருந்தால் என்ன ஆகும்? மேகத்தின் அருகுப் பக்கத்தை அது பலமாக இழுக்கும். மறுபக்கத்தை அவ்வளவு இழுக்காது. சுருங்குவதற்குள் மேகம் கிழிந்துவிடும். ஆகவே, சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் நம் பால்வீதியின் மையத்திலுள்ள சாஜிட்டேரியஸ் ஏ* கருந்துளைக்கு மிக அருகில் வயது முதிர்ந்த விண்மீன்களே இருக்கும் என்பதுதான் இயல்பான எதிர்பார்ப்பு.

இருப்பதோ நேர்மாறு. தூசு மறைத்த அந்த மையத்தைச் சிலி, ஹவாய் தொலைநோக்கிகளால் அகச்சிவப்பு ஒளியில் ஆண்டுக்கணக்காகக் கண்காணித்தவர்கள் ரைன்ஹார்ட் கென்ஸெல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோரின் குழுவினர். இவ்விருவருக்கும் 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர்கள் பின்தொடர்ந்த எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை கருந்துளையைச் சுற்றுகிறது. 2018 மே மாதம் அதை நெருங்கியபோது இடைவெளி, சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் உள்ள தூரத்தைப்போல் வெறும் நான்கு மடங்கு; வேகம் நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல். சூரியனைவிடப் பத்து மடங்குக்கு மேல் நிறையுள்ள, வெப்பம் மிகுந்த இளம் விண்மீன் அது. இத்தகையவை எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிட்டு மடிபவை. தொலைவில் பிறந்து மெல்ல நகர்ந்து வந்துசேர அவற்றுக்கு ஆயுள் போதாது.

அப்படியானால் எங்கே பிறந்தன? சற்று வெளியே, ஒன்றரை ஒளியாண்டு வரைக்கும், பெரிய விண்மீன்கள் பல ஒரே தட்டையான வட்டில் சுற்றுகின்றன. வயது 40 முதல் 60 லட்சம் ஆண்டு. மையத்தை நோக்கி விழுந்த வாயு ஒரு வட்டாகத் திரண்டு, அடர்த்தி மிக மிக உயர்ந்து, கருந்துளையின் இழுப்பைத் தன் சொந்த ஈர்ப்பு வென்றதும் கட்டிகளாக உடைந்து அவை பிறந்திருக்க வேண்டும். நிறை மிகுந்த விண்மீன்களின் விகிதம் அங்கே வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது.

எஸ்2 போன்ற உள்வட்டாரத்து விண்மீன்கள் எந்த வட்டிலும் அடங்கவில்லை. ஆளுக்கொரு கோணத்தில், நீண்ட முட்டைவடிவப் பாதைகளில் ஓடுகின்றன. இதற்கான விடை, இந்தப் பாதைகள் தெரியவருவதற்கு முன்பே, 1988இல் ஜாக் ஹில்ஸ் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. இரட்டை விண்மீன் ஒன்று கருந்துளையை நெருங்கினால் இணை பிரியும். ஒன்று சிறைப்படும், மற்றது கவண்கல்லாக வெளியே பறக்கும். 2019இல் அறிவிக்கப்பட்ட எஸ்5-எச்விஎஸ்1 என்ற விண்மீன் அப்படிப் பறந்த ஒன்று. நொடிக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் விரையும் அதன் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், பால்வீதி மையத்திலிருந்து சுமார் 48 லட்சம் ஆண்டுக்கு முன் கிளம்பியது தெரிகிறது. அந்த வட்டு பிறந்த காலமும் ஏறக்குறைய அதுவே!

அதன் சிறைப்பட்ட துணையை யாரும் அடையாளம் காட்டியதில்லை. ஆனால் இரட்டைகள் அங்கே இருக்க முடியும் என்பதற்குச் சான்றாக, கருந்துளைக்கு அருகிலேயே டி9 என்ற இரட்டை விண்மீன் இருப்பதாக 2024இல் ஒரு குழு அறிவித்தது. வட்டில் பிறப்பு, இணை பிரிந்து பரவல் என்ற இந்த விளக்கமே இன்று கையிலிருப்பவற்றுள் வலுவானது என்பேன்.