மூன்று செவிலியர், இருபத்து நான்கு மணி நேரம்

மாதந்தோறும் 25-ஆம் தேதி நெருங்கும்போது எனக்கு உறக்கம் கெடும். அடுத்த மாதத்துக்கான பணிப்பட்டியலை எழுத வேண்டிய நேரம் அது. புதுக்கோட்டை மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் செவிலியராகவும், பின்னர் செவிலியர் கண்காணிப்பாளராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற பின்னும் மாதக் கடைசியில் கட்டமிட்ட தாளும் பென்சிலும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அந்தப் பட்டியலைப் பேனாவால் எழுத முடியாது. ஒரு வாரத்துக்குள் பாதியை அழித்து எழுத வேண்டியிருக்கும்.

செவிலியர் பற்றாக்குறை குறித்து வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் 'காலிப் பணியிடங்கள்' என்ற சொல்லைச் சுற்றியே அமைகின்றன. இத்தனை இடங்கள் காலி, இத்தனை பேருக்குப் பணி நியமன ஆணை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காலியிடங்களை நிரப்ப வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஒரு பணியிடம்கூடக் காலியாக இல்லாத மருத்துவமனையிலும் இரவில் ஆள் போதாமல் போவது ஏன்? அதற்கான விடை ஐந்தாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவு பகலாக இயங்க வேண்டும் என்பதற்காக, நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்ற ஏற்பாடு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பெண் நள்ளிரவில் வலியெடுத்தால் பக்கத்திலேயே ஒரு விளக்கு எரியும் என்ற நம்பிக்கையைத் தந்த நல்ல ஏற்பாடு அது. காலை, மாலை, இரவு என்று நாளுக்கு மூன்று ஷிப்ட், மூன்று செவிலியர். தாளில் பார்த்தால் கணக்குச் சரியாகவே தெரியும்.

ஆண்டுக்கு 365 நாள். அப்படியானால் 1,095 ஷிப்ட். ஒரு செவிலியர் ஆண்டில் எத்தனை நாள் பணிக்கு வர முடியும்? வார விடுப்பு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30, அரசு விடுமுறைகளுக்கு ஈடான நாள்கள் சுமார் 20 என்று வைத்துக்கொண்டால், கழித்தது போக எஞ்சுவது 251 நாள். மூவரும் சேர்ந்து 753 ஷிப்ட் பார்க்கலாம். மீதமுள்ள 342 ஷிப்டுக்கு ஆள் இல்லை. இத்தனைக்கும் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, யாரும் பயிற்சிக்குப் போகவில்லை, யாரும் கருவுறவில்லை என்ற கற்பனையில் போட்ட கணக்கு இது. ஓர் இருக்கையில் ஆண்டு முழுவதும் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டுமானால் நான்கு பேருக்கும் மேல், துல்லியமாகச் சொன்னால் 4.36 பேர் தேவை.

இது என்னுடைய கண்டுபிடிப்பு அன்று. மத்திய நிதி அமைச்சகத்தின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1990-களின் தொடக்கத்திலேயே மருத்துவமனைச் செவிலியருக்கான அளவுகோலை வகுத்தபோது, வார ஓய்வுக்கும் விடுப்புக்கும் ஈடாக 45 விழுக்காடு பணியிடங்களைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்றது. மூன்றுடன் 45 விழுக்காட்டைச் சேர்த்தால் 4.35. தில்லியில் அமர்ந்திருந்த கணக்கர்களும், மாதக் கடைசியில் பென்சிலோடு போராடிய நானும் ஏறத்தாழ ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். இந்தியச் செவிலியர் மன்றம் போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பிற மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர், அதற்கு மேல் 30 விழுக்காடு விடுப்புக் காப்பு என்று சொல்கிறது. அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றைப் பணியிடங்களாக மாற்றி நிதியறிக்கையில் எழுதும் இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது.

அந்த 342 ஷிப்டும் வெறுமனே விடப்படுவதில்லை. இருவர் பன்னிரண்டு மணி நேரம் வீதம் பார்ப்பார்கள். வார விடுப்பு 'பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்ற கணக்கில் சேரும்; அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. பக்கத்து நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்தால் அங்கே ஓட்டை விழும். தமிழக அரசு 2021 ஜூலை முதல் நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தியது. மனிதநேயமுள்ள முடிவு; நான் பிள்ளை பெற்ற காலத்தில் இது கனவிலும் இல்லை. ஆனால், பெண்களே பெரும்பான்மையாக இருக்கும் பணியில், விடுப்பில் செல்பவருக்கு மாற்றாள் தராவிட்டால் அந்த ஓராண்டின் சுமை அவருடைய தோழிகளின் தோளில்தான் இறங்கும். அவர் திரும்பி வரும் நாளில் வரவேற்பைவிடப் பெருமூச்சே மிகுதியாக இருக்கும்.

இதனால் நோயாளிக்கு என்ன என்று கேட்கலாம். பிரசவ வார்டையே எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்த பிறகு முதல் இரண்டு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாயின் நாடி, ரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம், ரத்தப்போக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்க ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த நிலையில் மூன்று தாய்மார் இருந்தால், மணிக்குப் பன்னிரண்டு முறை, அறுபது நிமிடம். ஒரு செவிலியரின் ஒரு மணி நேரம் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். நான்காவதாக ஒரு பெண் வலியோடு வந்தால் அவரை யார் பார்ப்பது?

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் இரவைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். மகப்பேறு வார்டில் இருவர் இருந்திருக்க வேண்டிய இரவு. ஒருவருடைய குழந்தைக்குக் கடும் காய்ச்சல். விடுப்பு கேட்டார், நான் கொடுத்தேன். மாற்றாக அனுப்ப ஆள் இல்லை. எஞ்சிய ஒருவர் உள்ளே ஒரு தலைப்பிரசவத்தோடு நின்றிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு முன் பிள்ளை பெற்ற வேறொரு பெண் வெளிக் கட்டிலில் படுத்திருந்தார். அவருடைய தாயார், "பிள்ளை அசந்து தூங்குது சிஸ்டர், எழுப்ப வேண்டாம்" என்று உள்நோக்கிக் குரல் கொடுத்திருக்கிறார். நாற்பது நிமிடம் கழித்துச் செவிலியர் வந்து போர்வையை விலக்கியபோது மெத்தை நனைந்திருந்தது. தஞ்சாவூருக்கு அனுப்பி உயிரைக் காப்பாற்றினார்கள். கருப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு.

செவிலியரிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஏன் பார்க்கவில்லை, எப்போது பார்த்தாய், ஏன் குறிக்கவில்லை என்று கேள்விகள். பணிப்பட்டியலை ஒருவரும் கேட்கவில்லை. அதை எழுதிய என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை. அந்தச் செவிலியரின் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

ஆளெண்ணிக்கைக்கும் உயிருக்கும் உள்ள உறவை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து, லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு செவிலியர் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போது, முப்பது நாளுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதாக அது காட்டியது. கலிபோர்னியா இந்த விகிதத்தை 1999-இல் சட்டமாக்கி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் அதே வழியில் சென்றது. அங்கே கூடுதல் செவிலியருக்குச் செலவழித்ததைப்போல் இரு மடங்குக்கும் மேலான தொகை, நோயாளிகள் விரைவில் வீடு திரும்பியதாலும் மீண்டும் சேர்க்கப்படுவது குறைந்ததாலும் மிச்சமானதாக 2021-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு கூறியது. குயின்ஸ்லாந்து வேறு, கந்தர்வகோட்டை வேறு என்பது எனக்குத் தெரியும். நம் ஊரில் சிக்கல் முற்றினால் அதன் செலவு அரசுக் கணக்கில் விழுவதைவிட, வேன் பிடித்துத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓடும் குடும்பத்தின் மீதே அதிகம் விழுகிறது. அதனாலேயே அது நிதித்துறையின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே தலைமை என்ற பேச்சுக்கு வர வேண்டும். செவிலியர் கண்காணிப்பாளர் என்பவர் யார்? பணிமூப்பில் ஏறி, ஓய்வுக்குச் சில ஆண்டுகள் இருக்கும்போது அந்த நாற்காலிக்கு வருபவர். நான் வந்தபோது ஊசி போடவும், புண் கட்டவும், பயந்த நோயாளியைத் தேற்றவும் தெரிந்திருந்தது. வரவு-செலவுத் திட்டத்தின் ஒரு தாளைக்கூட அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. அதற்குப் பின்னரும் காணவில்லை. ஆள் வேண்டும் என்று எழுதும் உரிமை எனக்கு இருந்தது. ஒரே ஓர் இரவுக்குக்கூட ஆளை அமர்த்தும் அதிகாரம் இருந்ததில்லை. படுக்கை விரிப்பு எண்ணிக்கை, சலவைக் கணக்கு, ஆக்சிஜன் சிலிண்டர், உணவுப் பட்டியல் என்று நாள் கழியும். கிரீமியப் போரில் இறப்புகளை எண்ணி, வரைபடமாக்கி, அரசின் முன் வைத்து வாதாடிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கைவிளக்கை மட்டும் ஆண்டுதோறும் மே 12-இல் ஏந்துகிறோம். அவருடைய கணக்குப் புத்தகத்தை யாரும் நம் கையில் கொடுக்கவில்லை.

மருந்து விஷயத்தில் இதே தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு, ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம், இதுவரை எடுத்தது இவ்வளவு, மீதி இவ்வளவு என்று அதில் தெரியும். தட்டுப்பாடு வருமுன் அறியலாம். செவிலியரின் நேரத்துக்கு அப்படியொரு பாஸ்புக் கிடையாது. எத்தனை ஷிப்ட் தேவை, எத்தனை கைவசம் இருக்கிறது, எத்தனை கடனில் ஓடுகிறது என்பது கண்காணிப்பாளரின் பென்சில் தாளில் மட்டும் இருந்து, மாத முடிவில் அலமாரிக்குள் போய்விடுகிறது.

தேவை முன்கூட்டியே தெரியாதே என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது. தமிழகத்திலேயே அதிக ஜல்லிக்கட்டு நடக்கும் மாவட்டம் இது. தச்சன்குறிச்சியில் ஜனவரியில் வாடிவாசல் திறந்தால், விராலிமலை, இலுப்பூர்ப் பக்கமெல்லாம் கோடை வரை ஓயாது. திடலில் மருத்துவக் குழு நிற்க வேண்டும் என்பது விதி. அந்தக் குழுவில் நிற்பவர்கள் ஏதோவொரு மருத்துவமனையிலிருந்து எடுக்கப்பட்டவர்கள்தாம். அதே நாளில் குத்துப்பட்டவர்கள் வந்து சேர்வதும் அரசு மருத்துவமனைகளுக்குத்தான். ஆள் குறையும் நாளும் நோயாளி கூடும் நாளும் ஒன்றே; அது எந்த நாள் என்பதும் நாள்காட்டியில் இருக்கிறது. கஜா புயலை 2018 நவம்பரில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. தை மாதம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பணமில்லாத அரசு கண்டுபிடித்த குறுக்குவழி, தொகுப்பூதியம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர், மாதம் 7,700 ரூபாய் ஊதியத்தில் பணியமர்த்தப்பட்டனர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடினார்கள். ஊதியம் பின்னர் 14,000 ஆகி, அதன் பின்னர் 18,000 ஆனது. இந்தப் புதுக்கோட்டை மண்ணில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு நிதியுதவியும் 18,000 ரூபாய்தான் என்பது தற்செயல் ஒற்றுமை; ஆயினும், பிரசவம் பார்ப்பவரின் மாதச் சம்பளமும் அதே தொகை என்பதைக் கண்டபோது எனக்குச் சற்றே சிரிப்பு வந்தது. கரோனா காலத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர் 2022 டிசம்பர் 31-உடன் விடுவிக்கப்பட்டார்கள். பயிற்சி பெற்று, கொள்ளைநோய்க் காலத்தில் பழகிய கைகள் அவை. மாற்றாள் காப்புப் பணியிடங்கள் இருந்திருந்தால் அவர்கள் அத்தனை பேருக்கும் இயல்பான இடம் அதுவாகவே இருந்திருக்கும்.

முள்ளூரில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். பெரிய கட்டடம், புதிய கருவிகள். மாவட்டத்துக்கு அது தேவைதான். இனிப் புதிய படுக்கை ஒன்றுக்கு ஒப்புதல் தரும் கோப்பிலேயே, அந்தப் படுக்கைக்கு ஆண்டில் எத்தனை செவிலிய மணி நேரம் வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும் என்பதே என் கோரிக்கை. மாவட்ட அளவில் இருபதோ முப்பதோ செவிலியரைக் கொண்ட ஒரு மாற்றாள் குழு, எந்த வார்டுக்கும் நிரந்தரமாக ஒதுக்கப்படாமல் இருக்கலாம். கண்காணிப்பாளர் தம் கையொப்பத்தில் அவர்களை அழைக்கும் அதிகாரமும், அதற்கென ஒரு சிறு நிதியும் தரப்படலாம். மருத்துவமனையின் நிதி பேசப்படும் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடலாம். தேநீருக்குப் பிறகு அழைத்து முடிவைச் சொல்லும் வழக்கம் போதும். பதவி உயர்வுக்கு முன் மூன்று மாதமாவது நிதியும் கணக்கும் கற்பிப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு தவறு நேர்ந்து விசாரணை நடந்தால், மெமோவோடு அன்றைய பணிப்பட்டியலும் கோப்பில் இணைக்கப்பட வேண்டும் என்ற ஒரு விதிக்கோ செலவே இல்லை.

என்னிடம் பயின்று இப்போது கண்காணிப்பாளராக இருக்கும் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். பணிப்பட்டியலை மேலே அனுப்பும்போது, இம்மாதம் தேவைப்படும் ஷிப்ட் இவ்வளவு, இருப்பது இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று கீழே மூன்று வரி எழுதி, தேதியிட்டு, நகலை எடுத்து வைத்துக்கொள்கிறாராம். நான்கு மாதமாக அனுப்புகிறார். "ஒரு பதிலும் இல்லைம்மா. ஆனா இந்த மாசம் ஆபீஸ்ல ஒருத்தர் கூப்பிட்டு, குறையறதுங்கற இடத்துல எழுதியிருக்கிற எண் சரிதானான்னு கேட்டார்" என்றார்.