அடியே படல, ஆனா கால் கல்லு மாதிரி இறுகுது

கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் பெரும்பாலும் எலும்பு முறிவுக்கு அப்புறம் வர்றது. ஆனா சிலருக்கு எந்த அடியும் படாமலே வரும். அதுதான் இன்னைக்கு டாபிக்.

முழங்காலுக்குக் கீழ தசைகள் நாலு அறைகளா இருக்கு. ஒவ்வொரு அறையையும் சுத்தி ஃபேசியான்னு ஒரு உறை. அது ரப்பர் மாதிரி இழுபடாது. உள்ள ரத்தக் கசிவோ வீக்கமோ வந்தா அழுத்தம் ஏறி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கிடும்.

ஏமாத்துற விஷயம் என்னன்னா, பாதத்துல நாடித்துடிப்பு நல்லாவே இருக்கலாம். எக்ஸ்ரேயும் சுத்தமா இருக்கும். 'சுளுக்குதான்'னு அனுப்பிட ரொம்ப வாய்ப்பிருக்கு. ஆனா வலி மட்டும் வெளிய தெரியுறதுக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு இருக்கும். டாக்டர் கால் விரலை மெல்ல மடக்கி நீட்டினாலே உயிர் போகும். சந்தேகம் இருந்தா ஊசி வெச்சு உள்ளழுத்தத்தை அளப்பாங்க. பிபியோட கீழ் எண் 70, உள்ள 45ன்னா மிச்சம் 25. இந்த மிச்சம் 30-க்குக் கீழ போனாலே ஆபத்து.

மருந்து கிடையாது. ஃபேசியாட்டமி, அதாவது உறையை நீளமாக் கீறித் திறந்துவிடணும். காயத்தை உடனே தைக்காம, வீக்கம் வடிஞ்சதும் மூடுவாங்க. சுமார் 6 மணி நேரம் தாண்டினா தசையும் நரம்பும் மீளாமப் போகலாம்.

காரணம்? ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரையா இருக்கலாம், அளவுமீறின ஒர்க்அவுட்டா இருக்கலாம், கடைசிவரை தெரியாமலும் போகலாம். சர்வர் விழுந்தா முதல்ல சர்வீஸை எழுப்பிட்டுத்தானே ரூட் காஸ் தேடுவோம்? அதேதான் இங்கயும்.

ஆஸ்பத்திரி போற வழியில கட்டு இருந்தா தளர்த்துங்க. வீக்கம்னு காலைத் தலையணை மேல தூக்கி வைக்காதீங்க, உள்ள போற கொஞ்சநஞ்ச ரத்தமும் குறையும். இதய மட்டத்துலயே இருக்கட்டும்.